எட்டுத் தொடுகறி

எண்ணெய் மில்லை இழுத்துப் பூட்டிய பிறகும் குருமலையப்ப முதலாளியின் வீறாப்பு அடங்கவில்லை. ஒண்டிக்கட்டைக்கு இலையில் எட்டுத் தொடுகறி வேண்டும். இரண்டைத் தின்றுவிட்டு, மற்றதைத் தொடாமலே இலையை மூடுவார்; அது பின்வாசல் நாய்க்குப் போகும். வழித்துச் சாப்பிடுவது இல்லாதவன் புத்தியாம்! கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

ஒருநாள் சமையல்காரி ஆவுடைத்தாயைக் கூப்பிட்டார். “இந்த மாசம் செலவு பாதியாகணும். ஆனா இலையில ஒரு கறி குறையக்கூடாது. முடியாதுன்னா நின்னுக்க.”

அவள் புருஷன் படுத்த படுக்கை. நின்றால் கஞ்சிக்கு எங்கே போவாள்? “சரிங்க முதலாளி” என்றாள்.

மாசம் முடிந்தது. எட்டும் தவறாமல் வந்தன, செலவு பாதிதான். முதலாளி அதை ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார். பிறகு சந்தேகம் வந்தது. “எதுல கலப்படம் பண்ணுன?”

“ஒண்ணுலயும் இல்லைங்க. நீங்க திங்கிற ரெண்டை நிறைய வச்சேன். திங்காத ஆறையும் வகைக்கொரு கரண்டியா வச்சேன். உங்களுக்கு எதுவும் குறையலை. பின்வாசல் நாய்தான் மெலிஞ்சு போச்சு.”

அவர் முகம் கறுத்தது. “அப்போ வேலையும் பாதிதானே? இனிமே பாதிச் சம்பளம்.”

“ஆகட்டுங்க. காலையில மட்டும் வந்து மத்தியானத்துக்கு ஆக்கி வச்சுட்டுப் போறேன். நீங்க பீத்துனதைக் கேட்டு, சாயங்காலத்துக்கு டாக்டர் வீட்டுல கூப்பிட்டிருக்காங்க.”

மறுநாள் மத்தியானமே பானை காலி. முதலாளிக்கு அடுப்புப் பற்றவைக்கத் தெரியாது. ஓட்டலுக்குப் போக மானம் விடாது. இருட்டிய வீட்டில், மத்தியானம் மூடிய இலையைத் தானே திறந்தார்.

காலையில் ஆவுடைத்தாய் அந்த இலையைப் பின்வாசலில் போட்டாள். நாய் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.