முயலூற்றுக்கு வழி

அந்தக் காலத்தில், காட்டு விலங்குகள் நம்மைப் போலவே வாய் ஓயாமல் பேசித் திரிந்த நாளில், ஒரு மலையடிவாரத்துப் புதருக்குள் ஊற்று ஒன்று இருந்தது. பெயர் முயலூற்று. முதல் குழியைப் பறித்த முயல் செத்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. ஊற்று யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் வந்து குடிக்கலாம். குடித்தவர் போகும்போது சரிந்த மணலில் ஒரு பிடி வாரி வெளியே போட்டுவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். அப்படிப் பலபேர் வாரி வாரித்தான் கோடையிலும் வற்றாத ஆழம் அதற்கு வந்திருந்தது.

மற்றவர்கள் ஒரு பிடி வாரினால், எறும்புத்தின்னி என்று நாம் சொல்கிற அழுங்கு நூறு பிடி வாரும். நீண்ட நகத்தோடு குழிக்குள் இறங்கினால் பொழுது சாயும்வரை மேலே வராது. யாரும் சொல்லி அது செய்யவில்லை. ஆனாலும் செய்தவனுக்குச் செய்தது மறக்குமா?

ஒருநாள் குரங்கு ஆரம்பித்தது. "உழைக்கிறது ஒருத்தர், பேரு இன்னொருத்தருக்கா? இனிமே இத அழுங்கூத்துன்னு கூப்பிடுவோம்."

காடு இரண்டுபட்டது. குரங்குக்கு அதுதான் கொண்டாட்டம்.

"எனக்கு எதுக்குப்பா பேரும் கீரும்" என்றது அழுங்கு. வாய்தான் அப்படிச் சொன்னது. யார் யார் தன் பக்கம் பேசுகிறார்கள் என்று காது கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒரு பெண்முயல் மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "பேரு எங்களுக்கு வேண்டாம். ஆனா மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கு முயலூத்துன்னாத்தான் தெரியும். தண்ணி இல்லேன்னா அந்தப் பேரச் சொல்லித்தான வழி கேட்டு வருவாங்க?"

"வந்தா சொல்லிட்டாப் போச்சு" என்றது குரங்கு. பெயர் மாறியது.

மாறியும் பாதிப்பேர் பழைய பெயரையே சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் அழுங்குக்குச் சுருக்கென்றது. அப்படிக் கூப்பிட்டவர்களுக்கு அது முகம் கொடுப்பதையே விட்டுவிட்டது.

கோடை வந்தது. மலையைத் தாண்டி ஒரு பெண்மான் குட்டியோடு வந்தாள். இரண்டுக்கும் நாக்கு வறண்டிருந்தது. பாதைத் திருப்பத்தில் அழுங்கு நின்றிருந்தது.

"அண்ணே, முயலூத்துக்கு எப்படிப் போகணும்?"

"அப்படி ஒரு ஊத்து இங்க இல்லையே" என்றது அழுங்கு.

பெயரைத்தான் மாற்றியாகிவிட்டதே, அது பொய்யா என்ன? வேறு ஊற்று இருக்கிறதா என்று அவள் கேட்பாள், அப்போது தன் பெயரை நிதானமாகச் சொல்லலாம் என்று காத்திருந்தது. அவள் கேட்கவில்லை. குட்டியை மூக்கால் தள்ளிக்கொண்டு பொட்டல் பக்கம் நடந்தாள். ஒரு குரல் கொடுத்தால் போதும். கொடுக்கத்தான் நினைத்தது. வீம்பு விடவில்லை.

மறுநாள் காலையில் பொட்டலில் விழுந்து கிடந்த மானை முயல்கள் எழுப்பிக் கூட்டி வந்தன. அவள் தனியாக வந்தாள். குட்டி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, வழக்கப்படி குளம்பால் கொஞ்சம் மணலை வெளியே தள்ளினாள். நிமிர்ந்தபோது எதிரே அழுங்கு.

"நேத்து உங்களத்தான கேட்டேன்?"

அழுங்கு தலையைத் தாழ்த்தி மணலைக் கிளறியது. மானே மேலே பேசினாள்.

"பரவாயில்லண்ணே. தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டீங்களா? நீங்களும் இந்தப் பக்கத்துக்குப் புதுசு போல."

திட்டியிருந்தால் தேவலை. அந்த ஊற்றின் அடிமண் முழுக்கத் தன் நகம் பட்டது என்று சொல்ல இப்போது அதற்கு நாக்கு எழவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் குனிந்து குனிந்து தன் வயிற்றிலேயே புதைத்துக்கொண்டது. வாலை இழுத்து மேலே மூடிக்கொண்டது.

யாரும் கூடிப் பேசாமலே ஊற்று மறுபடியும் முயலூற்று ஆனது.

அன்று முதல்தான், காலடிச் சத்தம் கேட்டாலே அழுங்கு பந்தாகச் சுருண்டுவிடுகிறது. அடிப்பார்களோ என்று பயப்படுவதாக நாம் நினைக்கிறோம். யாராவது வழி கேட்டுவிடுவார்களோ என்றுதான் அதற்குப் பயம்.