நல்லசிவத்தின் நான்கு ஜோடி டயர்

குருவைத் தேடிக் காட்டுக்குப் போனவர்கள் உண்டு, மலை ஏறியவர்கள் உண்டு. திருப்பூர் நல்லசிவம் சிங்காநல்லூரில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனார்.

அவருக்கு வயது நாற்பத்தாறு. பனியன் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் தொழில். குரு தமயந்திக்கு வயது முப்பத்திரண்டு. காரைப் பிரித்துப் போட்டு, வேகம் கூட்டி, திரும்பப் பூட்டிக் கொடுப்பதில் அந்த வட்டாரத்திலேயே பெயர் எடுத்தவர். சிஷ்யர் குருவை 'அம்மிணி' என்பார். குரு சிஷ்யரை 'அண்ணா' என்பார். இருவருக்கும் இதில் ஒரு சங்கடமும் இல்லை.

நல்லசிவத்துக்குப் பிடித்தது கால் மைல் பந்தயம். நேரான ரோட்டில் இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் பாயும். முதலில் கோட்டைத் தாண்டியவர் அடுத்த சுற்றுக்குப் போவார், மற்றவர் வீட்டுக்குப் போவார். நல்லசிவம் இரண்டு வருஷமாக வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்.

எஞ்சினில் குறை இல்லை. அது தமயந்தி கை வைத்த எஞ்சின். ஆனால் பச்சை விழுந்ததும் காரை இழுக்கிற முன் சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றும். புகை வரும், சத்தம் வரும், கார் மட்டும் வராது. பிடிமானம் கிடைத்துக் கிளம்புவதற்குள் பக்கத்துக் கார் பாதி தூரம் போயிருக்கும்.

சறுக்குகிறவர் டயரைக் குற்றம் சொல்லாமல் வேறு யாரைச் சொல்வார்? ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு ஜோடி டயர் வாங்கினார். கடைசியாக வாங்கியது பந்தயத்துக்கென்றே செய்த, ஒரு கோடுகூட இல்லாத வழவழப்பான டயர்.

"தேஞ்சுபோன டயரைத் தூக்கி வீசறவங்களைப் பார்த்திருக்கேன். காசு குடுத்து மொட்டை டயர் வாங்கறது நீங்க ஒருத்தர்தான்" என்றார் மனைவி ரத்னா.

அந்த ரோஷத்தில் நல்லசிவம் வாயை விட்டார். "இந்தத் தடவையும் மொதல் சுத்தோட திரும்பி வந்தா காரை வித்துப்போடறேன். போதுமா?"

ரத்னா கேட்காத வாக்கு அது. கேட்காமல் கொடுத்ததாலேயே அதை மீறவும் வழியில்லாமல் போயிற்று. செய்தி எப்படியோ ஜெகதீஷ் காதுக்குப் போனது. அவன் போன வருஷம் கோப்பை வாங்கிய பையன். "வித்தீங்கன்னா எனக்கே குடுங்கண்ணா. எஞ்சின் அருமையான எஞ்சின்" என்று போன் பண்ணினான். ஓட்டுகிறவரைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. நல்லசிவத்துக்கு அதுதான் சுருக்கென்றது.

பந்தய நாள் காலை. ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட பழைய விமான ஓடுதளம். நல்லசிவம் காரை ஓட்டி வர, பின்னாலேயே குட்டியானை லோடு வண்டியில் மூன்று ஜோடி டயர் வந்து இறங்கியது. காரில் மாட்டியிருந்ததையும் சேர்த்தால் நான்கு. முதல் சுற்றில் யாரோடு யார் என்று மைக்கில் சொன்னார்கள். நல்லசிவத்துக்கு ஜெகதீஷ்.

அவர் நேராகத் தமயந்தியிடம் போனார். தமயந்தி காகிதக் கப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மிணி, இன்னைக்கு எதைப் போடட்டுங்க?"

"நீங்க என்ன நினைக்கறீங்கண்ணா?"

"மொட்டை டயர் சூடானா அப்படியே ஒட்டுதுங்க. ஆனா காலைல தரை குளுந்து கெடக்குது. அகல டயர்ல பிடிமானம் ஜாஸ்தி, ஆனா கனம். மெது ரப்பர் டயர் நல்லா இழுக்குதுங்க, ரெண்டு ஓட்டத்துல கரைஞ்சுபோயிரும். ராத்திரி பூரா தூக்கமில்லீங்க. எதைப் போட்டாலும், இன்னொண்ணைப் போட்டிருக்கலாமோன்னுதான் மனசு அடிச்சுக்குது."

"நான் சொன்னாக் கேப்பீங்களா?"

"நீங்க என்ன சொன்னாலும் கேக்கறேனுங்க. மறுபேச்சு இல்ல."

"இல்லியே?"

"இல்லீங்க."

"சரி. உக்காருங்க. டீ குடிங்க."

டீ பாதி குடிப்பதற்குள் பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். அவருடைய டயர் பக்கவாட்டில் வீங்கிவிட்டது. யாரிடமாவது இரவல் கிடைக்குமா என்று கேட்டார்.

"அண்ணன்கிட்ட அகல டயர் இருக்குது. எடுத்துக்குங்க. சாயங்காலத்துக்குள்ள குடுத்துப்போடுங்க" என்றார் தமயந்தி.

நல்லசிவம் வாயைத் திறந்தார். மறுபேச்சு இல்லை என்று சொன்னது ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார். போகட்டும், அகல டயர் எப்படியும் கனம்தான்.

அடுத்து ஈரோட்டில் இருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். அவருக்கு மெது டயர் போயிற்று. நல்லசிவத்துக்கு நெஞ்சு கொஞ்சம் வலித்தது. ஆனாலும் அதில் ஒரு நிம்மதி கலந்திருந்தது. மொட்டை டயர்தான் இன்றைக்கு என்று குரு முடிவு செய்துவிட்டார். அதைத்தான் இப்படிச் சொல்லாமல் சொல்கிறார்.

மூன்றாவதாக வந்தவன் ஜெகதீஷ். முகம் தொங்கிப்போயிருந்தது. ஒத்திகை ஓட்டத்தில் ஏதோ இரும்புத் துண்டு ஏறி அவன் டயர் கிழிந்துவிட்டது. மாற்று டயர் எடுத்து வரவில்லை.

"டயர் கெடைக்கலைன்னா நான் இன்னைக்கு ஓட முடியாதுங்கக்கா" என்று தமயந்தியிடம் சொன்னான்.

நல்லசிவத்தின் மனசுக்குள் பட்டாசு வெடித்தது. ஜெகதீஷ் ஓடாவிட்டால் முதல் சுற்று தானாகவே அவருக்கு. கோட்டில் காரைக் கொண்டுபோய் நிறுத்தினால் போதும். கார் பிழைக்கும், வாக்கும் பிழைக்கும். பையனைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாவத்தைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

"அண்ணன்கிட்ட மொட்டை டயர் இருக்குது. எடுத்துக்க" என்றார் தமயந்தி.

நல்லசிவத்தின் கையில் இருந்த கப் நசுங்கியது.

"நல்லாச் சூடு பண்ணிட்டுக் கெளம்பு ஜெகதீஷ். உன்னோட டயர் மாதிரி இல்ல இது."

"எனக்குத் தெரியாதுங்களாக்கா" என்று சொல்லிக்கொண்டே அவன் இரண்டு டயரையும் உருட்டிக்கொண்டு போனான். போகும்போது நல்லசிவத்தைப் பார்த்துக் கும்பிட்டான்.

"அம்மிணி." நல்லசிவம் கப்பைக் கீழே போட்டார். "எனக்கு ஒண்ணுமே இல்லீங்களே."

"கார்ல மாட்டித்தானே இருக்குது."

"அது காரோட வந்த டயருங்க. ரத்னா மார்க்கெட்டுக்குப் போற டயருங்க அது."

"மறுபேச்சு இல்லைன்னீங்க."

அவர் விருட்டென்று எழுந்து போய்விட்டார். குரு என்ன குரு, யாருக்குக் குரு என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காருக்குப் பக்கத்தில் போய் நின்றார். வழக்கமாக இந்த நேரத்தில் அவர் காருக்கடியில் இருப்பார். ஒரு ஜோடியைக் கழற்றுவார், இன்னொரு ஜோடியை மாட்டுவார், மனசு கேட்காமல் மறுபடியும் கழற்றுவார். பெயர் கூப்பிடும் வரைக்கும் கையில் ஜாக்கிதான். இன்று கழற்றவும் ஒன்றுமில்லை, மாட்டவும் ஒன்றுமில்லை. கை சும்மா இருந்தது. கால் அதுபாட்டுக்கு ஓடுதளத்தை நோக்கி நடந்தது.

அங்கே போய் நின்றபிறகுதான் அவருக்கு உறைத்தது. இரண்டு வருஷத்தில் இன்னொருவர் காரை எடுப்பதை அவர் ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை.

ஒத்திகை ஓட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. பார்த்தார். ஒரு கார் அலறிக்கொண்டு கிளம்பி, நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றியது. ஐயோ, நம்மை மாதிரியே என்று நினைத்தார். அடுத்தது சத்தமில்லாமல் நழுவிப் போனது. அதுவும் சாதாரண ரோட்டு டயர்தான். அவர் இன்னும் கிட்டே போனார். தடத்தின் இடது ஓரத்தில் செம்மண் தூசி படிந்திருந்தது. அங்கே சக்கரம் வைத்தவர்கள் எல்லோரும் சறுக்கினார்கள். நடுவில், முன்பு போன கார்களின் ரப்பர் தேய்ந்து ஒட்டி, கறுப்பாகப் பட்டை பட்டையாக ஒரு தடம் இருந்தது. அதில் வைத்தவர்கள் போனார்கள்.

ஓட்டம் நின்ற இடைவெளியில் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கறுப்புத் தடத்தில் நடந்தார். உள்ளங்கால் லேசாக ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. தூசியில் நடந்தார், வழுக்கியது. மறுபடி கறுப்பில், மறுபடி தூசியில். கோடு வரைகிற ஆள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். நல்லசிவம் அதைக் கவனிக்கவில்லை.

காரை நோக்கி ஓடினார். ஆம், ஓடினார், நாற்பத்தாறு வயதில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. முன் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினார். தூசியில் உருட்டித் தடம் எவ்வளவு அகலமாக விழுகிறது என்று குனிந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் இறக்கினார். பார்த்தார். இதற்கு மேல் வேண்டாம் என்று அவருக்கே தெரிந்தது.

பிறகு பின்பக்கம் இருந்த காலி இடத்துக்குக் காரைக் கொண்டுபோனார். எப்போதும் போல மிதித்தார், கீச்சென்று சுற்றியது. கொஞ்சம் குறைத்து மிதித்தார். அப்போதும் சுற்றியது. இன்னும் குறைத்து, கிளட்சை மெதுவாக விட்டு, கார் தரையைப் பிடித்த பிறகு மிதித்தார். கார் அவரை இருக்கையோடு அழுத்திக்கொண்டு கிளம்பியது. சறுக்கப்போகும் முன்னால் ஸ்டீயரிங்கில் ஒரு சின்ன நடுக்கம் வந்தது. அந்த நொடியில் காலை மயிரிழை தூக்கினால் நடுக்கம் அடங்கி, கார் மேலும் பாய்ந்தது.

மறுபடி செய்தார். மறுபடி வந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது. மார்க்கெட்டுக்குப் போகிற டயர், இத்தனை நாள் அவருக்குக் கீழேயே இருந்த டயர், அது இவ்வளவு சொல்லுமா? பெட்ரோல் தீர்ந்துவிடும் என்று யாரோ கத்துகிற வரைக்கும் செய்துகொண்டே இருந்தார்.

மைக்கில் பெயர் கூப்பிட்டார்கள்.

கோட்டில் இரண்டு காரும் நின்றன. ஜெகதீஷ் மொட்டை டயரைச் சுற்றவிட்டுக் கூட்டத்துக்குக் கொஞ்சம் புகை காட்டினான். கூட்டம் விசிலடித்தது. அவனும் கையாட்டினான், சூடு போதும் என்று நிறுத்திக்கொண்டான். நல்லசிவம் அதைப் பார்க்கவில்லை. அவர் ஒரு கை அகலம் வலதுபக்கம் காரை நகர்த்திக் கறுப்புத் தடத்தின்மேல் இரண்டு சக்கரத்தையும் ஏற்றிக்கொண்டிருந்தார்.

மஞ்சள். மஞ்சள். மஞ்சள். பச்சை.

பக்கத்தில் ஜெகதீஷின் கார் அலறியது. அந்த அலறல் எதற்கென்று நல்லசிவத்துக்கு நன்றாகத் தெரியும், இரண்டு வருஷமாக அவர் கேட்ட அலறல்தான். ஆனால் அது அவருடைய காரில் இருந்து வரவில்லை. அவருடைய கார் கிளம்பிவிட்டது. நடுக்கம் வந்தது, காலைத் தூக்கினார், அடங்கியது, மிதித்தார். இரண்டாவது கியர். எதிரே ஓடுதளம் முழுக்கக் காலியாக இருந்தது. முன்னால் யாருமே இல்லாத ரோட்டைப் பந்தயத்தில் அவர் பார்ப்பது அதுவே முதல் தடவை. சந்தோஷத்தில் அவர் வாய்விட்டு ஏதோ கத்தினார். என்ன கத்தினார் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

மூன்றாவது கியர். இப்போது ஜெகதீஷுக்குப் பிடிமானம் கிடைத்துவிட்டது. கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்தான். கதவுக்கு வந்தான். பக்கத்துக்கு வந்தான். கோடு வந்தது. யார் முதலில் என்று நல்லசிவத்துக்குத் தெரியவில்லை. வேகம் குறைத்து நிறுத்தினார். மைக்கில் அவர் பெயரைச் சொன்னார்கள். நம்பாமல் உட்கார்ந்திருந்தார். மறுபடியும் சொன்னார்கள்.

ஜெகதீஷ்தான் முதலில் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டான். "என்னங்கண்ணா இப்படி எடுத்தீங்க. எனக்குச் சொல்லிக் குடுங்க."

ரத்னாவுக்குப் போன் போட்டார்.

"ஜெயிச்சுட்டேன்."

"அந்த மொட்டை டயர்லயா?"

"இல்ல. நீ மார்க்கெட்டுக்குப் போற டயர்ல."

மறுபக்கம் ரத்னா சிரிக்கிற சத்தம் கேட்டது. நல்லசிவத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் திரும்பி வந்தபோது தமயந்தி அதே இடத்தில் இன்னொரு டீயோடு உட்கார்ந்திருந்தார். சபாஷ் என்றும் சொல்லவில்லை, எப்படி என்றும் கேட்கவில்லை. பக்கத்து நாற்காலியை மட்டும் கொஞ்சம் நகர்த்திப் போட்டார்.

சிறிது நேரத்தில் தென்னந்தோப்புக்காரர் அகல டயரைக் கொண்டுவந்து வைத்தார். அவர் முதல் சுற்றிலேயே வெளியே. டாக்டரம்மாவும் வெளியே. மெது டயர் வந்தது. ஜெகதீஷ் மொட்டை டயரை உருட்டிக்கொண்டு வந்து, நன்றி சொல்லிவிட்டுப் போனான். மூன்று ஜோடியும் காருக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கியாயிற்று.

மைக்கில் இரண்டாவது சுற்றை அறிவித்தார்கள். இந்தத் தடவை எதிராளி கோயமுத்தூரிலேயே வேகமான கார் வைத்திருப்பவர்.

நல்லசிவம் டீயைக் கீழே வைத்தார். வெயில் ஏறிவிட்டது. குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார், சுட்டது. நிமிர்ந்து டயர்களைப் பார்த்தார். மொட்டையைத் தடவினார். அகலத்தைத் தட்டினார். மெது டயரை நகத்தால் அழுத்தினார். கை தானாகப் போய் ஜாக்கியை எடுத்துக்கொண்டது.

"அம்மிணி," என்றார். "இந்தச் சுத்துக்கு எதைப் போடட்டுங்க?"

தமயந்தி எழுந்தார். நாலாபக்கமும் பார்த்தார். இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, ஓடுதளம் முழுக்கக் கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்.

"யாருக்காச்சும் டயர் வேணுமாங்க? இங்க மூணு ஜோடி இருக்குது."