அட்டையை ஏமாற்றிய கரடி

நாவல்காட்டில் கருப்பணன் என்றொரு கரடி இருந்தான். தேன் என்றால் அவனுக்கு உயிர். கொஞ்ச நாளாக ஓயாத தாகம் வேறு. குளத்து நீரை மடக்மடக்கென்று குடிப்பான். உடனே புதருக்கு ஓடுவான். அவன் ஒதுங்கிய இடத்தில் எல்லாம் எறும்பு மொய்த்தது.

அதைக் கண்ட மனைவி வேலம்மா அவனைப் பிடித்து நிறுத்தினாள். "இது சர்க்கரை வியாதியேதான்! கொக்கு வைத்தியர்கிட்ட போய் ரத்தம் பாருங்க!"

கொக்கு வைத்தியர் குளக்கரையில் வைத்தியசாலை நடத்தி வந்தார். ரத்தம் பார்ப்பது அங்கே அட்டையக்காவின் வேலை. வெறும் வயிற்றோடு வருபவரின் காலில் ஒட்டி ஒரு சொட்டு உறிஞ்சுவாள். சர்க்கரை கூடவா, குறைவா என்று ருசியை வைத்தே சொல்லிவிடுவாள்.

கருப்பணனுக்கு நோயைப் பற்றிக் கவலை இல்லை. தேனை நிறுத்தச் சொல்லிவிடுவார்களே என்பதுதான் கவலை! "அமாவாசை கழியட்டும், போறேன்" என்று தவணை சொன்னான். அதுவரை தேன் பக்கமே திரும்பவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு பாகற்காய் தின்றான். மூச்சு வாங்க மலையைச் சுற்றி நடந்தான். பிறகு நல்ல பிள்ளையாக வைத்தியசாலைக்குப் போனான்.

அட்டையக்கா ருசி பார்த்தாள். "பரவாயில்லை! அளவோடதான் இருக்கு."

வைத்தியர் ஒற்றைக் காலில் நின்று யோசித்தார். "வழக்கமா சாப்பிடுறதைத்தானே சாப்பிட்டீங்க?"

"ஆமாங்க வைத்தியரே! எதையும் மாத்தலை!"

குகைக்கு ஓடி வந்தான். "பார்த்தியா வேலம்மா! எனக்கு ஒண்ணும் இல்லையாம்!"

வேலம்மாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பாவம், அவளே மரமேறி, தேனீக்களிடம் கொட்டு வாங்கி, ஒரு தேனடையைப் பிய்த்து வந்து ஊட்டினாள். அன்று முதல் தினமும் ஊட்டினாள். கருப்பணன் தேனுக்காக வாயைத் திறந்தானே தவிர, உண்மையைச் சொல்லத் திறக்கவில்லை.

மழைக்காலத்தில் அவன் பாதத்தில் இலந்தை முள் தைத்தது. கால் மரத்துப் போயிருந்ததால் வலியே தெரியவில்லை. புண் அழுகி நாற்றம் எடுத்த பிறகுதான் வேலம்மா கண்டாள். பதறிப்போய் அவனை வைத்தியசாலைக்கு இழுத்துப் போனாள். இந்த முறை பாகற்காய் தின்ன நேரமில்லை.

ஒரு சொட்டு உறிஞ்சியதும் அட்டையக்கா பொத்தென்று விழுந்தாள். "ஐயையோ! இது ரத்தமா, தேன்பாகா!"

வைத்தியர் தலையைக் குனிந்துகொண்டார். "காலை எடுத்தாத்தான் உயிர் தங்கும். அன்னிக்கே உள்ளதைச் சொல்லியிருந்தா மருந்திலேயே அடக்கியிருப்பேனே!"

அப்போதுதான் கருப்பணன் எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னான். வேலம்மா திட்டவில்லை. தன் கையையே பார்த்தபடி நின்றாள்.

"இந்தக் கையாலதானே தினமும் ஊட்டினேன்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

கருப்பணன் உயிர் பிழைத்தான். இனி மரமேற முடியாது என்பதைக்கூட அவன் தாங்கிக்கொண்டான். அவள் கேட்ட அந்தக் கேள்வியைத்தான் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு வேலம்மா யாருக்கும் எதையும் ஊட்டியதே இல்லை.

சோதனை நாளுக்காக மட்டும் வாயைக் கட்டுபவன் வைத்தியரை ஏமாற்றலாம், நோயை ஏமாற்ற முடியாது. அந்தப் பொய்யின் வலியை அவன்மேல் அன்பு வைத்தவர்களும் சேர்ந்தே சுமக்க நேரும்.