கரடியின் களிமண் அச்சு

ஒரு காட்டில், ஆற்றைக் கடக்கும் மரப்பாலத்தின் முனையில், சந்தேகப்படுவதையே வேலையாக வைத்திருந்த கரடி ஒன்று காவல் இருந்தது.

அதற்குக் காரணம் உண்டு. முன்பொருமுறை ஒரு நரி, மருந்து மூட்டைக்குள் விஷ எட்டிக்காயைக் கலந்து அனுப்பிவிட்டது. உடனே கரடி ஒரு விதி போட்டது. தூக்கணாங்குருவி கட்டிய நல்ல மூட்டை ஒன்றை ஈரக் களிமண்ணில் அழுத்தி, அந்தப் பள்ளத்தை அச்சாகக் காயவைத்தது. இனி வரும் மருந்து மூட்டை எல்லாம் அந்த அச்சில் பொருந்த வேண்டும். பொருந்தாததை ஆற்றில் வீசிவிடும்.

அன்று மதியம் ஒரு தாய் மான் மூச்சிரைக்க ஓடிவந்தது. அக்கரையில் அதன் குட்டிக்கு அனலாய்க் காய்ச்சல். தாய் மானின் வாயில் மருந்து மூட்டை. முதுகில், எந்தக் குரலிலும் பேசிக்காட்டும் குறும்புக்கார மைனா.

கரடி மூட்டையை அச்சில் வைத்தது. இப்படித் திருப்பியது, அப்படித் திருப்பியது.

"பொருந்தலையே. யாரோ நடுவில் பிரிச்சிருக்காங்க."

"இல்லைங்க கரடியாரே, அதே நாலு மருந்துதான். குருவியண்ணன் இப்போ புது முடிச்சுப் போடுறார். இறுக்கமா இருக்கும். வேணும்னா பிரிச்சுப் பாருங்க" என்றது மான்.

"பழைய முடிச்சுப் போட்டு வாங்கி வா."

"அது அவருக்கே மறந்துபோச்சாம்."

"அப்போ ஆற்றுக்குத்தான்" என்று கரடி மூட்டையை ஓங்கியது.

மைனா பறந்துபோய்ப் பக்கத்து முருங்கைமரத்தில் ஒளிந்துகொண்டது. "கரடி, அந்த மானை விடுடா" என்று யானைக் குரலில் பிளிறியது.

"யானை எப்போ முருங்கைமரம் ஏறிச்சு? இறங்குடா மைனா."

மைனா அசடு வழிய இறங்கி வந்தது. ஆனால் அதற்குள் வேறொரு யோசனை வந்துவிட்டது.

"அண்ணே, உங்க விதி அருமை. மூட்டை எப்படிக் கட்டணும்னு நீங்களே ஒருதரம் காட்டுங்களேன்."

கரடிக்குப் பெருமை தாங்கவில்லை. தான் சேர்த்துவைத்திருந்த ஐந்து விளாம்பழங்களைத் தேக்கிலையில் சுற்றி, கொடியால் கட்டி, ஈரமண்ணில் அழுத்திக் காட்டியது.

"அடடா. அவிழ்த்து இன்னொருதரம் கட்டுங்க."

கட்டியது. அதே பள்ளத்தில் வைத்தது. பொருந்தவில்லை. அமுக்கிப் பார்த்தது. மேலே ஏறி உட்கார்ந்தும் பார்த்தது. ஊஹூம்.

மைனா தொண்டையைச் செருமிக்கொண்டு, கரடிக் குரலிலேயே சொன்னது: "பொருந்தலையே. யாரோ நடுவில் பிரிச்சிருக்காங்க. ஆற்றுக்குத்தான்."

கரடி பழ மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டது. "டேய், இது என் பழம்டா. அஞ்சும் அப்படியே இருக்கு."

"யார் கண்டா?"

"பிரிச்சுத்தான் பாரேன்."

"அதையேதான் அண்ணே, மானக்காவும் சொல்லுது."

கரடி மருந்து மூட்டையைப் பிரித்து, சிறியதிலிருந்து பெரியதாக இலையில் வரிசையாய்ப் பரப்பியது. மிளகு, திப்பிலி, சுக்கு, நிலவேம்பு. ஒவ்வொன்றாய் முகர்ந்தது. எட்டிக்காய் இல்லை. குறைந்ததும் இல்லை, கூடியதும் இல்லை.

அதுவே திரும்பக் கட்டியும் கொடுத்தது. பலாப்பழம்போல் வீங்கிய கட்டு. மான் அதைக் கவ்விக்கொண்டு பாலத்தில் பாய்ந்தது.

பொழுது சாயும்போது அக்கரையிலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது: "அய்யே, கசக்குதும்மா."

"நிலவேம்பு நல்ல நிலவேம்புதான்" என்று தலையாட்டிவிட்டு, கரடி விளாம்பழத்தை உடைத்தது.

நீதி: கட்டும் விதம் மாறினால் மூட்டையின் உருவமும் மாறும், சரிபார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் பொருளை.