பாகல் கொடி வேம்பில் ஏறியது ஏன்?

அந்தக் காலத்தில், கொடியும் கொக்கும் மனுஷரோடு வாய்விட்டுப் பேசிய நாளில், பாகற்காய் வழவழவென்று இருந்தது. இனிக்கவும் இனித்தது. சத்தியமாகத்தான் சொல்கிறேன், வெள்ளரிப்பிஞ்சு அதனிடம் தோற்றது.

பூவாயி என்று ஒருத்தி, கைப்பிள்ளைக்காரி. ஒரு நாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். நடுகிறவள் குனிந்தபடி பின்னால் நகர்வாள் அல்லவா? பின்னால் நின்ற கொக்கு அவள் தொடையைப் பார்த்து அலறியது.

"அடியாத்தி! என்னடி பூவாயி, தொடையெல்லாம் குழி குழியா இருக்கு? நண்டு வளை தோண்டிருச்சா?"

பூவாயி சட்டென்று சேலையை இறக்கிவிட்டாள். தன் தொடையின் பின்பக்கத்தை யார் எட்டிப் பார்க்கிறார்கள்? அவளும் அதுவரை பார்த்ததில்லை.

"இது போக வழி இருக்கா?"

"ஏன் இல்லாம? என் காலைப் பாரு, ஒரு குழி உண்டா? காலையில நான் இடிச்ச கிளிஞ்சல் பொடி ஒரு சிட்டிகை. அப்புறம் பொழுதுக்கும் பாகற்காய். வழவழப்பானதைத் தின்னா வழவழப்பா ஆயிருவே. சோத்தையும் மீன் குழம்பையும் தொடாதே. அதை வீணாக்காம நான் பாத்துக்கறேன்."

நன்றாகவே பார்த்துக்கொண்டது. கொக்குக்குத் தொப்பை போடாத குறை. பூவாயிக்குக் கன்னம் ஒட்டிப்போனது. அவள் வீட்டு வேலியில் படர்ந்திருந்த பாகல் கொடி கெஞ்சியது.

"ஆத்தா, அந்தக் குழி ஒண்ணும் நோவு இல்ல. பொம்பளை உடம்பு அப்படித்தான். பச்சப்பிள்ளைக்காரி, சோறு தின்னு."

"நீ வழவழன்னு இருக்கே, பேசுவே" என்று இன்னொரு காயைப் பறித்தாள் பூவாயி.

பால் வற்றியது. பிள்ளை முதலில் வீறிட்டு அழுதது, பிறகு முனகியது. ஒரு மத்தியானம் சத்தமே இல்லை. கொடி தூளியை எட்டிப் பார்த்தால், பிள்ளை கண்ணைத் திறந்தபடி வெறும் வாயைச் சப்பிக்கொண்டு கிடக்கிறது. ஐயோ, தன்னைத் தின்றுதானே இந்தக் கதி!

கொடி வேலியை விட்டு இறங்கியது. பக்கத்து வேப்பமரத்தில் ஏறி, தன் காய்களை ஒன்றுவிடாமல் சொரசொரத்த பட்டையில் தேய்த்தது. தோல் கிழிந்து கரடு கரடாக வீங்கியது. கிழிந்த இடம் வழியே வேம்பின் கசப்பு உள்ளே இறங்கியது. வலியில் உயிரே போவதுபோல் இருந்தது, கொடி நிறுத்தவில்லை.

சாயங்காலம் காய் பறிக்க வந்த பூவாயி, தோலைப் பார்த்தே "ஐயையோ!" என்று பின்வாங்கினாள். பசி பொறுக்காமல் கடித்தாள், அப்படியே காறித் துப்பினாள். ஒவ்வொரு காயாகக் கடித்துப் பார்த்தாள். அத்தனையும் கசப்பு. தின்ன வேறொன்றும் இல்லை. கொக்கின் அலகுக்கடியில் இருந்த சோற்றுப்பானையைப் பிடுங்கி அள்ளி அள்ளித் தின்றாள். விடிகிற நேரத்தில் பால் சுரந்தது. பிள்ளை பிடித்த பிடியை விடவில்லை.

மடியில் பிள்ளையோடு தொடையைத் தடவிப் பார்த்தவள் திகைத்துப்போனாள். இவ்வளவு பட்டினிக்கும், எலும்பு தெரியத் தேய்ந்த தொடையில் ஒரு குழி குறையவில்லை. "அடப்பாவி கொக்கே!" என்று அவள் கல்லைத் தேடுவதற்குள் அது பறந்துவிட்டது.

அன்று முதல்தான் பாகற்காய்க்கு இந்தக் கரடும் கசப்பும், பெண்களைச் சோற்றுப்பக்கம் விரட்டுவதற்காக. இப்போது உடம்பு இளைக்க என்று அதையும் சாறு பிழிந்து வெறும் வயிற்றில் குடிக்கிறார்களே, என்னத்தைச் சொல்ல!