ஓணான் சொன்ன சட்டம்

ஒரு காட்டில் பலாமரம் ஒன்று இருந்தது, பிள்ளைகளே. அதில் பழுத்து வெடித்த ஒரு பழத்தில் பழ ஈக்கள் கூட்டமாகக் குடியிருந்தன.

விடிந்ததும் மரங்கொத்தி வந்து மரத்தை 'டொக் டொக்' என்று கொத்தும். அந்த அதிர்வில் ஈக்கள் எல்லாம் பொலபொலவென்று கீழே உதிரும். சிறகு பனியில் நனைந்திருப்பதால் பறக்க முடியாது. நடந்தேதான் மரத்தில் ஏற வேண்டும்.

அடிமரத்தில் ஓணான் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். எழுந்து துரத்த அதற்குச் சோம்பல். பின்தங்கி நிற்கும் ஈயைத்தான் பிடிக்கும். ஆனால் ஈக்களோ தளர்ந்தவர்களை நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டே ஏறிவிடும். ஓணான் பட்டினி கிடந்தது.

ஒருநாள் அது ஈக்களின் தலைவன் வீறாப்பனிடம் நைச்சியமாகப் பேசியது. "உன்னைப் போன்ற வீரன் சோம்பேறிகளைச் சுமக்கலாமா? யாரும் யாருக்காகவும் நிற்கக் கூடாது என்று ஒரு சட்டம் போடு. கூட்டம் உருப்படும்."

வீறாப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே சட்டம் போட்டுவிட்டான்.

அந்தக் கூட்டத்தில் குன்றி, மின்னி என்று இரண்டு சகோதரிகள். ஒரே தாய், ஒரே நாள் பிறப்பு. இருபதாம் நாளில் மின்னியின் கால்கள் நடுங்கத் தொடங்கின. முட்டையிலேயே அவளோடு ஒட்டி வந்த பிசகு அது. இளமையில் பதுங்கியிருந்து, வயது ஏறியதும் வேலையைக் காட்டியது.

குன்றி தலைவனிடம் போனாள். "அவள் சோம்பேறி இல்லை. எங்கள் அம்மாவுக்கும் இப்படித்தான் கால் போனது. பிறப்பிலேயே வந்த குறைக்கு அவள் என்ன செய்வாள்?"

"உனக்கும் அதே அம்மாதானே? நீ ஏறவில்லையா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று வீறாப்பன் சிரித்தான்.

மறுநாள் மின்னி ஒரு சாண் ஏறிச் சறுக்கினாள். "குன்றி, கால் வரவில்லையடி."

குன்றி திரும்பினாள். தலைவனின் ஆட்கள் அவளை மேலே நெட்டித் தள்ளினார்கள். ஓணானின் நாக்கு நீண்டது.

"ஒரு சோம்பேறி ஒழிந்தாள்" என்றான் வீறாப்பன்.

"யார் சோம்பேறி? உட்கார்ந்த இடத்திலிருந்தே நாக்கை நீட்டுகிறதே அதுவா, உயிர் போகும்வரை ஏறப் பார்த்தாளே அவளா?" என்று கத்தினாள் குன்றி. மற்றவர்கள் மேலே ஏறிப் போனார்கள்.

நாட்கள் ஓடின. வீறாப்பனுக்கு ஐம்பது நாள் ஆயிற்று. ஈக்கு அது கிழவயது. ஒரு காலையில் அவனும் பாதி மரத்திலிருந்து சறுக்கி விழுந்தான்.

"நில்லுங்கள், நான் சோம்பேறி இல்லை. கால் வரவில்லை" என்று கெஞ்சினான்.

மின்னி சொன்ன அதே சொல். குன்றிக்கு ஆத்திரம் வந்தது. ஆனாலும் நின்றாள். "வாருங்கள், தூக்குவோம்" என்று மற்றவர்களைக் கூப்பிட்டாள். ஒருவரும் நிற்கவில்லை. வீறாப்பன் அவர்களை அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தான்.

"உன் சட்டம் அருமையான சட்டம், தலைவா" என்றது ஓணான். பிறகு நாக்கை நீட்டியது.

குன்றிக்கு அதில் எந்த ஆறுதலும் இல்லை. மேலே ஏறி வந்து கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். "அடுத்தது யாருடைய கால்?"

எல்லா ஈக்களும் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டன.

மறுநாள் மரங்கொத்தி கொத்தியபோது ஓர் ஈகூடத் தனியாக ஏறவில்லை. ஓணான் பொழுது சாயும்வரை வாயைப் பிளந்துகொண்டே உட்கார்ந்திருந்தது.

நீதி: பிறவிக் குறையைச் சோம்பல் என்று தண்டிப்பவன், தன் முதுமைக்கும் அதே தண்டனையை விதித்துக்கொள்கிறான்.