எலி அடைத்த பின்வாசல்

பனங்காட்டு ஓரத்துச் செம்மண் மேட்டில் பாக்கியநாதன் என்ற வயல் எலி வாழ்ந்து வந்தான். அவன் வளை நிறையக் கம்பும் நிலக்கடலையும் இருந்தன. ஆனாலும் அவனுக்கு நிம்மதி இல்லை. வெளியே சருகு அசைந்தாலே, திருட வருகிறார்களோ என்று எழுந்து உட்காருவான்.

ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து முட்புதரில் இருந்த முள்ளெலி ரெபேக்காள் தன் குட்டிகளோடு வந்து நின்றாள்.

"அண்ணே, மழை விடும்வரை பிள்ளைகள் ஒதுங்கக் கொஞ்சம் இடம் தருவீர்களா?"

"இடமா? கடலை வைக்கவே இடம் போதவில்லை. வேறு எங்காவது பார்."

ரெபேக்காள் குட்டிகளோடு மழையில் திரும்பிப் போனாள். வளைக்குப் பின்பக்கம் தப்பி ஓட ஒரு வாசல் இருந்தது. அதையும் பாக்கியநாதன் கடலையால் அடைத்துவிட்டான்.

மழை ஓய்ந்த மறுநாள், முன்வாசல் வழியாக ஒரு சாரைப்பாம்பு நுழைந்தது. பாக்கியநாதன் பின்வாசலுக்கு ஓடினான். வழி இல்லை! கடலையை வாரி வாரித் தள்ளினான். மேலும் மேலும் சரிந்து விழுந்தது. "யாராவது வாருங்களேன்!" என்று அலறினான்.

அலறலைக் கேட்ட ரெபேக்காள் வெளியிலிருந்து மண்ணைத் தோண்டினாள். கடலையைப் பறித்துத் தள்ளி, அவனைப் பிடித்து வெளியே இழுத்தாள். உடனே முள்ளுருண்டையாகச் சுருண்டு அந்தத் துளையை அடைத்துக்கொண்டாள். மூக்கில் முள் குத்தியதும் பாம்பு வந்த வழியே போய்விட்டது.

பாக்கியநாதன் அவளைப் பார்த்துக் கேட்டான்.

"உன்னை மழையில் அனுப்பினேனே. எனக்காக ஏன் வந்தாய்? பயமாக இல்லையா?"

"பயந்தான் அண்ணே. 'இயேசப்பா, கூட இரும்' என்று சொல்லிக்கொண்டேதான் தோண்டினேன்."

"எவ்வளவோ சேர்த்தேன். ஆபத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு ஒருவரும் இல்லையே."

"இருக்கிறார் அண்ணே. நீங்கள் இதுவரை கூப்பிடவில்லை, அவ்வளவுதான்."

அன்று சாயங்காலம் ரெபேக்காளும் குட்டிகளும் ஜெபம் செய்ய உட்கார்ந்தபோது அவனும் போய் ஓரமாக உட்கார்ந்தான். "ஆண்டவரே, எனக்கு ஜெபிக்கத் தெரியாது. என்னையும் சேர்த்துக்கொள்ளும்" என்றான். அவன் கண்களில் கண்ணீர் வந்தது. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது போலிருந்தது.

பிறகு கம்பையும் கடலையையும் அணில்களுக்கும் குருவிகளுக்கும் அள்ளிக் கொடுத்தான். அடுத்த மழைக்கு முள்ளெலிக் குட்டிகள் அவன் வளைக்குள் விளையாடின. வெளியே சருகுகள் சலசலத்தன. பாக்கியநாதன் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

சேர்த்து வைக்கும் செல்வம் மனதுக்குக் காவல் ஆகாது. இயேசுவை நம்பி, இருப்பதைப் பகிர்ந்து வாழ்கிறவர்களுக்கே மெய்யான சந்தோஷம் கிடைக்கும்.